கள்ள நோட்டு லாம்பின் கீழ்

ஜூன் 14, சனி. மடவளை

மாமி, என் கணவரின் உம்மா, இன்றும் கேட்டார்: "மகள், இந்தத் தேயிலச் சக்கைய வீசவா?"

வேண்டாம் என்றேன். இரண்டு வருடமாக இந்தச் சக்கையைத்தான் கம்பஸ் ஆய்வுகூடத்தில் கருக்கி, வடித்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து வரும் கரித்துகள் ஒரு முடியின் அகலத்தில் பத்தாயிரம் அடுக்கலாம், அவ்வளவு சின்னது. புற ஊதாக்கதிர் பட்டால் அது ஒளிர வேண்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் மங்க வேண்டும். மாத முடிவுக்குள் ஒளிராவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் என் ஆய்வை மேற்பார்க்கும் கஜலட்சுமி மெடம். இரண்டு வருடமும் வீண்.

நேற்று வடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். திங்கள்வரை பொறுக்க முடியவில்லை. என் கணவர் ஃபாஸிலின் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதாக்கதிர் லாம்பின் கீழ் போத்தலை வைத்தேன்.

நீலம்! கண் கலங்கிவிட்டது. மெடத்துக்கு உடனே படம் அனுப்பினேன்.

ஜூன் 15

சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை. போத்தல் என்ன விலை என்று ஃபாஸில் கேலி.

ஜூன் 16

மாமி கடைக்குச் சோறு கொண்டுவந்தார். லாம்பின் பக்கம் குனிந்தபோது அவருடைய வெள்ளை முக்காடு மின்னியது. அதே நீலம்.

துணி துவைக்கும் சவர்க்காரத் தூளின் மினுக்கம் அது. போத்தல்களையும் அதே தூள் போட்டுக் கழுவியது நான்தானே? அதே போல் கழுவிய வெறும் போத்தலில் தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்தேன். அதுவும் நீலம்.

சவுக்காரத்தப் பாத்தா நான் அழுதேன்? மெடத்துக்கிட்ட எப்பிடிச் சொல்ற?

ஜூன் 17

சொல்லிவிட்டேன். மெடம் திட்டவில்லை. "நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, சரி. ஆனா மாசக் கடைசி மாறாது."

ஜூன் 28, சனி

புதுப் போத்தல்கள், சவர்க்காரம் படாதவை. இம்முறை கூடுதல் நேரம் சூட்டில் வைத்து வடித்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சும்மா தேத்தண்ணி, ஒன்றில் கருக்கி வடித்தது. ஃபாஸில் கடைக்கதவை இழுத்து மூடி லாம்பைப் போட்டார்.

முதல் இரண்டும் இருட்டு. மூன்றாவது —

பச்சை. குருத்து இலையின் பச்சை. பறித்து, வாட்டி, அரைத்து, கொதிக்கவைத்து, கடைசியில் கருக்கியும் விட்டோம். அதற்குப் பிறகும் இவ்வளவு வெளிச்சம் இதற்குள் இருந்ததா? ஆய்வுகூடத்து இரும்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். மங்கியது.

ஃபாஸில் கேலி செய்யவில்லை. போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: "கரியாப் போனதுக்குள்ளயும் அல்லாஹ் வெளிச்சம் வெச்சீக்கான்."

ஜூன் 30

மெடம் முதலில் வெறும் போத்தலைத்தான் லாம்பின் கீழ் வைத்தார். இருட்டைப் பார்த்துச் சிரித்தார். தலைப்பு மாறவில்லை.

ஜூலை 2

மாமி இன்று எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் சுளகு நிறையச் சக்கை காய்கிறது. பக்கத்து வீட்டிலும் வாங்கி வந்திருக்கிறார்.