ஜெமி வாங்கிய சாளை

பூதப்பாண்டி,
நவம்பர் 18.

அன்புள்ள தம்பி சிலுவைதாசனுக்கு,

தாணம்மாள் அக்கா எழுதுவது. உங்கள் தங்கை ஜெமியும் நான் பார்த்துக்கொள்ளும் மற்ற மூன்று பெண்களும் நானும் இந்த வீட்டில் சுகம். குவைத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் ஜெமி முக்கால் மணி நேரம் காணாமல் போனதை நான்தான் போனில் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்ததும் கேட்டைப் பூட்டி வைக்கும் ஹோமில் அவளைச் சேர்ப்பேன் என்று கோபத்தில் போனை வைத்துவிட்டீர்கள். மீதியைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். உங்கள் தங்கைக்காக மீன் வாங்குவேன், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பளபளவென்று இருந்தால் நல்ல மீன் என்று நம்பியிருந்தேன். மீன்காரி ஒன்றரை வருடமாகக் கெட்டதை எல்லாம் என் தலையில் கட்டியிருக்கிறாள். ஜெமி தட்டைத் தள்ளுவாள், பிடிவாதம் என்று நான் திட்டுவேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று நான் வாங்கி வைத்த சாளை மீனை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஓடித் தேடிவிட்டுக் கடைசியில் சந்தையில் பார்த்தேன். மீன்காரி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிக் காட்டி, இது நேத்து உள்ளதுல்லா, எங்க அப்பா இத கோழிக்குத்தான் போடுவாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி ஒரு கூட்டம். மீன்காரி நல்ல சாளையாக மாற்றிக் கொடுத்தாள்.

கடற்கரையில் உங்கள் அப்பா வலை பிரிக்கும்போது பக்கத்திலேயே இருந்த பிள்ளை அல்லவா. மூளை வளர்ச்சி போதாது என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியவளுக்கு அந்தப் படிப்பு அப்படியே இருக்கிறது.

இப்போது வீட்டுக்கு மீன் வாங்குவது ஜெமிதான். சொல்லிவிட்டுத்தான் போகிறாள், கூட இந்த வீட்டுப் பெண் பூங்கனியும் போகிறாள். ஐந்து நாள் நான் இருபதடி பின்னாலேயே நடந்தேன். நேற்று வாசலிலேயே நின்றுவிட்டேன். கண் மட்டும் தெருமுனையிலேயே இருந்தது. பையை ஆட்டிக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சரும் தனக்கு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். ஜெமியின் நடையே மாறிவிட்டது தம்பி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடாமல் வாருங்கள். வழியில் மீன் வாங்கி வரக் கூடாதாம், உங்களுக்குப் பார்க்கத் தெரியாதாம். அவள் சொல்லச் சொன்னாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும், எங்கே இருக்க விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள். என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன். முப்பத்தாறு வயதில் இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, நானும்தான்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
தாணம்மாள் அக்கா