அரைகுறையாக முறுக்கிய வைஸ்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணனுக்குத்தான் கன்னத்தில் சின்னக் காயம். இரும்பு அறுக்கும் மெஷினில் நான் குழாய் அறுத்துக்கொண்டிருந்தேன். குழாயைப் பிடித்திருக்கும் வைஸை நன்றாக முறுக்கியிருக்க வேண்டும். சாப்பிடப் போகிற அவசரத்தில் அரைகுறையாக முறுக்கிவிட்டேன். குழாய் திரும்பி பிளேடு உடைந்தது. ஒரு துண்டு பறந்துபோய் எதிரே வேலை பார்த்த அண்ணன் மேல் பட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "பிளேடு பழசு சார், அவன் என்ன பண்ணுவான்?" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தையல் போட்டு வந்தவர் மெல்ல முடியாமல் விழுங்குவதைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று நானே சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். இப்போது மெஷின் பக்கம் போகக்கூடாது, கூட்டிப் பெருக்கும் வேலைதான். "நான்தான் சமாளிச்சுட்டேனே, உன்னை யாருடா சொல்லச் சொன்னா?" என்று திட்டிய அண்ணன், அப்புறம் பேசவே இல்லை. அறை வெறிச்சென்று இருக்கிறது. பாப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு.

இன்னொன்று. சவரம் செய்யும்போது வெட்டிவிட்டது என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அண்ணி கேட்டால் நீயும் அப்படியே சொல். அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உன்னைச் சொல்லச் சொல்கிறேன், பார்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பாப்பாவின் அப்பா