மாமாவின் முட்டிக்கு எடுத்த ஃபண்ட்

பிப்ரவரி 11

பல் மருத்துவமனையில் இன்று ஈ ஓட்டாத குறை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடியே அக்காவின் பணத்தை ஃபண்டில் போட்டு முடித்தேன். 'கடன் ஃபண்ட்' என்றதும் போனில் அலறிவிட்டாள்.

"ஐயையோ, கடனெல்லாம் வேண்டாம்டி!"

"நாம வாங்குற கடன் இல்லக்கா, குடுக்குற கடன். அரசாங்கத்துக்கே குடுக்குறோம். எங்க ஓடிப்போயிடும்?"

அவள் பக்கத்திலிருந்து மாமாவின் சிரிப்பு. "பஸ் டிரைவர்கிட்ட அரசாங்கம் கை நீட்டுதா? பலே!"

அக்கா பையனின் படிப்புக்கு எட்டு வருஷம் இருக்கிறது. மாமாவின் இரண்டு முட்டிக்கும் ஜூனில் ஆபரேஷன். இரண்டு பணத்தையும் ஒரே ஃபண்டில் போட்டேன். போனில் பார்த்த ஃபண்ட் பட்டியலில், போன வருஷ லாபத்தில் அதுதான் முதலிடம்.

மார்ச் 20

வட்டி விகிதம் ஏறிவிட்டதாம். நல்லதுதானே?

மார்ச் 23

நல்லதில்லை. நான் எடுத்த ஃபண்டில் இருப்பதெல்லாம் இருபது, முப்பது வருஷக் கடன் பத்திரங்கள். புதிய பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது பழையதை யார் சீந்துவார்கள்? விலை இறங்குகிறது. பையனின் பணம் பொறுத்திருக்கும். முட்டி பொறுக்குமா?

லிக்விட் ஃபண்டும் அதே பட்டியலில் கீழே இருந்தது. சில வாரங்களில் திரும்பி வந்துவிடும் கடன்கள், விலை அதிகம் ஆடாது. லாபம் சொற்பம் என்று தள்ளிவிட்டேன். பணம் எப்போது வேண்டும் என்று பார்க்காமல் எவ்வளவு வரும் என்று பார்த்திருக்கிறேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

ஏப்ரல் 9

"பணம் எப்படிடி இருக்கு?" என்றாள் அக்கா. "நல்லா இருக்குக்கா." வாய் கூசவே இல்லை. ஏறிவிடும், ஏறியதும் எடுத்துவிடலாம் — அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

மே 2

மறுபடியும் வட்டி ஏற்றம். பணம் இன்னும் இறங்கிவிட்டது.

மே 26

முட்டிப் பணத்தை எடுத்துவிட்டேன். இரண்டு முட்டிக்கும் அளவெடுத்த மாதிரி இருந்த பணம், இப்போது பத்தாது. ஈடுகட்ட என் கையிலும் ஒன்றுமில்லை. அக்காவிடம் "மார்க்கெட் சரியில்லை" என்றேன்.

"அதுக்கு நீ என்னடி பண்ணுவ, பாவம்!"

எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! அதற்குமேல் தாங்கவில்லை. "மார்க்கெட் இல்லக்கா. நான்தான் தப்பான ஃபண்டுல போட்டேன். மார்ச்லயே தெரியும். மறைச்சுட்டேன்."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 12

இருந்த பணத்துக்கு வலது முட்டி மட்டும். "பிரேக் காலை முதல்ல சரிபண்ணுங்க டாக்டர், கிளட்ச் காலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம் மாமா. நர்சுகூடச் சிரித்தாளாம். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே இதைச் சொன்னாள்.

ஜூலை 3

மாமாவால் இன்னும் படியிறங்க முடியவில்லையாம். இடது கால் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 17

இடது முட்டிக்கு அடுத்த மார்ச்சில் தேதி கிடைத்திருக்கிறது. ஒரு வாரமாகத் தேடித் தேடிப் பார்த்து, ஏழு மாதத்துக்குப் பொருந்துகிற ஃபண்ட் ஒன்றைக் குறித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார்.

"அக்கா, இந்தத் தடவை சரியாப் பாத்து வெச்சிருக்கேன்..."

"அந்தப் பணத்தைப் போன வாரமே பேங்க்ல டெபாசிட் போட்டுட்டேன்டி." உட்காரச் சொல்லிச் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். "உனக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்."

இதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.