ஓடைக்கு அந்தப் பக்கத்துப் படுக்கை

அன்பு மகள் லதீனாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே ரோட்டர்டாமில் நீயும் யோரிசும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன், நம்பத்தான் முடியும், போனில் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய். நம் ஊரில் மேட்டுப் புல்வெளியில் இரண்டு முறை பனி விழுந்து கரைந்துவிட்டது. மாடுகள் எல்லாம் கீழே வந்தாயிற்று. அப்பா உன் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், யாருக்கென்று கேட்டால் இன்னும் கொஞ்சம் மெழுகு தேய்க்கிறார்.

மூன்று வருடமாக நீங்கள் இருவரும் குடியிருக்க மலை தேடுகிறீர்கள். பிரான்சில் பார்த்த இடத்தில் ஏறுவதற்குப் பாறை நன்றாக இருந்தது, வீடுதான் கிடைக்கவில்லை. ஆஸ்திரியாவில் சறுக்கப் பனி இருந்தது, பாறை கை வைத்தால் உதிர்கிறது என்றாய். பிறந்த ஊரில் என்னடி குறை என்று கேட்டால் "ஒரே கூட்டம்மா" என்றாய். சரி, அதை விட்டேன். இப்போது வால்நேராவில் ஒரு வீடு, பின்னால் பாறை, வாசலிலேயே சரிவு, இருபத்தைந்தாம் தேதி கையெழுத்து என்கிறாய். நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் பச்சைப் புல். சறுக்க வருகிறவர்களுக்கு வீடு விற்கிறவள் ஒரு பனிக்காலப் படம்கூட ஏன் காட்டவில்லை? யோரிசைக் கேட்டால் "ஊர் அபாய வரைபடத்துல வீடு நீலத்துலதானே இருக்கு, ரொம்ப ஆபத்தான சிவப்புல இல்லையே அத்தை" என்கிறார். கடல் மட்டத்துக்குக் கீழே பிறந்த பிள்ளை, பனிச்சரிவு வண்ணம் பார்த்து வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் செவ்வாய்க்கிழமை, பல் வைத்தியரிடம் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறி வால்நேராவுக்குப் போனேன். கோபப்படாதே. விற்கிற அந்த ஸ்டிரைஃப் அம்மாள் என்னைக் கண்டதும் கேட்காமலே காபி தந்தாள், வாதுமைக் கேக் இரண்டு துண்டு வைத்தாள், எதையோ மறைக்கிறாள் என்று அப்போதே எனக்கு உறைத்தது. வீட்டைக் குறை சொல்ல முடியாது, அது வேறு எரிச்சல். பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். உச்சியிலிருந்து கொல்லை வரை ஒரு பள்ளம் இறங்குகிறது, அதில் ஒரு முதிர்ந்த மரம் கிடையாது, வளைந்து படுத்த புதர்தான், பனிச்சரிவு வந்து போகிற தடம் அது. அடைமழை மாதிரிப் பனி கொட்டினால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். "நாங்க கோடைக்கு மட்டுந்தாங்க வர்றோம்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ரொட்டிக் கடைக்காரிதான் விஷயத்தை உடைத்தாள். "அந்த வீட்டுக்குப் படுக்கை இல்லியே, சொல்லலியா அவ?" என்றாள். அந்த ஊரில் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு துணை வீடு உண்டாம். பனி மிஞ்சினால் கோயில் மணி அடிப்பார்கள், உடனே எல்லாரும் அங்கே போய்விட வேண்டும், அவர்களுக்கென்று கட்டில் போட்டிருக்கும். அதற்கு வருடா வருடம் நவம்பர் முதல் தேதி ஒரு பேரிக்காய் ரொட்டியைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மணி அடிக்கிற அன்று சாலையும் அடைத்திருக்கும் லதீனா, வேறு போக்கிடம் கிடையாது.

ஓடையைத் தாண்டி அங்கேயும் போனேன். உங்கள் துணை வீட்டுக்காரர் பெயர் டூரி, மனைவியை இழந்தவர், எழுபது வயது இருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார். "பதினோரு வருஷமா அந்த வீட்டுலேர்ந்து ஒருத்தர் வாசப்படி மிதிக்கல. தபால்ல ஒயின் அனுப்புறாங்க. நான் என்ன ஓட்டலா நடத்துறேன்? கட்டிலைப் பிரிச்சுக் கோழிக்கூடு அடிச்சிட்டேன்" என்றார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன். குறை கிடைத்துவிட்டது, நீ நம் ஊருக்கே வருவாய். அப்படியே திரும்பி வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, என் மகள் குளிர்காலத்திலும் இருப்பாள், அவளே ரொட்டி கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். கதவை முழுக்கத் திறந்தார். "வந்து கேக்கட்டும், கட்டில் அடிக்கப் பலகை இருக்கு" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஏன் சம்மதிக்கிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன், உள்ளே ஒற்றைத் தட்டு வைத்த மேசையைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் பள்ளம் இருந்தது, மரமில்லாத சரிவு இருந்தது, டூரி இல்லை. காலையில் அதை நானே கிழித்து அடுப்பில் போட்டேன். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவள் என்னையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருவரும் டூரி வீட்டுக்குப் போங்கள், அவர் வாயால் சரி என்று கேட்காமல் பேனாவைத் தொடாதே. ரொட்டியைக் கடையில் வாங்காதே, நீயே சுடு. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், யோரிசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புறப்படும்போது டூரி "ரெண்டு பேருக்குத்தானே கட்டில்?" என்றார். மூன்று என்று சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளை கேட்கிறேன் என்று நினைக்காதே. அங்கே பனி கொட்டும்போது இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, மூன்றாவது கட்டில் எனக்கு.

உன் அம்மா,
உர்ஸினா