வராத ஏழாம் பாகம்

உன் லேப்டாப்பின் விசைகளுக்கு இடையில் இன்னும் புளி வாசம் இருக்கிறது. நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து, நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு மழைக்காலம் பெட்டிக்குள் கிடந்ததாம். புளிக்குக் கொட்டை எடுத்த கையோடு நீ தட்டியது. துடைக்கச் சொன்னால், "அது பாட்டுக்கு வேல செய்யுது, வுடுடி" என்பாய்.

"இதுல அவ இன்னாவோ எழுதிக்கினே இருந்தா. இன்னான்னு படிச்சு சொல்லு கண்ணு" என்றார்.

சார்ஜரில் போட்டு நெடுநேரம் கழித்துத்தான் திரை வெளிச்சமானது. 

பிளஸ் டூவில் கொடுத்த லேப்டாப் உனக்கு இருந்தது, என்னிடம் போன் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆள் படிக்கலாம் என்று நீதான் சொன்னாய். சாயங்காலம் நான் சாலை வளைவுவரை நடந்து போய், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து, பைத்தான் கணினி மொழிப் பாட வீடியோவை ஒவ்வொரு பாகமாக இறக்கி வருவேன். ஒயர் போட்டு உன் லேப்டாப்புக்கு மாற்றுவோம். மொத்தம் பதினைந்து பாகம்.

நீ அந்தப் பதினைந்து போதும் என்று இருந்துவிட்டாய். என்னால் முடியவில்லை. பைத்தானா, ஜாவாவா, எதை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லும் வீடியோக்களையே நான் மாதக்கணக்கில் பார்த்தேன். இந்த ஆசிரியர் வேகம், அவர் நிதானம். நிரல் எழுதும் இந்த எடிட்டரில் நிறம் இல்லை, அதில் இருக்கிறது. நீ வெறும் நோட்பேடில் கறுப்பு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாய்.

"சாமை வெதைக்கிறவ கலப்பைய மாத்திக்கினே இருந்தா மழை போய்டும்டி" என்றாய் ஒருநாள். எனக்குக் கோபம் வந்தது. உன்னைவிட அதிகம் படித்தவள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஊரில் கையில் புத்தகத்தோடு திரிந்தவள் நான்தானே.

ஏழாம் பாகம் இறக்க வேண்டிய நாளில், அன்றைய டேட்டா முழுவதையும் ஒரு புது எடிட்டருக்குச் செலவழித்தேன். எழுத்துகளுக்கு நிறம் கொடுக்கும் எடிட்டர். அதை நிறுவ என்னிடம் லேப்டாப் கூட இல்லை. என்றாவது வாங்கும்போது தேவைப்படும் என்று மெமரி கார்டில் வைத்துக்கொண்டேன். உன்னிடம், "சிக்னலே இல்லடி" என்றேன்.

மறுநாள் எட்டாம் பாகத்தைக் கொண்டுவந்தேன்.

"எட்டு இருக்குது, ஏழு எங்க?"

"அப்புறம் கொண்டாறேன். இப்ப இத பாரு."

"சரி. நீ கொண்டாருவ" என்று சொல்லி எட்டைத் திறந்தாய்.

அந்த மாதமே எனக்கு மலை அடிவாரத்து ஊரில் வேலை கிடைத்தது. போன முதல் வாரத்திலேயே, ஏழாம் பாகத்தில் இருந்த விஷயத்தை வேறு ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒருமுறை எழுதிப் பலமுறை ஓட வைக்கும் முறை. கற்றுக்கொண்டபோது உன் நினைவு வரவில்லை. அடுத்த மழையில் உனக்கு மஞ்சள் காமாலை. ஜீப் கிடைத்துக் கீழே கொண்டுவந்தபோது தாமதமாகிவிட்டது. மருத்துவமனை வாசலில் உன் அப்பாவின் தோளைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை.

நீ எழுதிய கோப்பை, வேலைக்குப் போனபின் நான் வாங்கிய லேப்டாப்பில் ஏற்றி, அந்த நிற எடிட்டரில் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் அழைப்புச் சொல்லும் முறை உன் அப்பாவுடையது. ஒரு வருடம் ஒரு வீட்டை மறந்துவிட்டு, தேர் நகரும் முன்பே சண்டை வந்தது நினைவிருக்கிறதா? அதற்காக எழுதியிருக்கிறாய். "மாரியண்ணன் வூட்டுக்கு சொல்லியாச்சா?" என்று முதலில் கேட்கிறது. ஆச்சு என்றால் அடுத்த வீடு. இல்லை என்றால், "மொதல்ல போய் சொல்ட்டு வா" என்று நின்றுவிடுகிறது. மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்தாறு வீட்டுக்கும் அதே வரிகளை இருபத்தாறு முறை, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய்.

"அவுங்கப்பா இத பாத்திருந்தா சொல்லியிருப்பாரு, இது உங்கம்மாவ விட மோசமா கேள்வி கேக்குதுன்னு" என்று அத்தை சிரித்தார். நான் ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, நீயே கேட்பதுபோல அவர் பதில் சொன்னார். "சொல்லியாச்சு." "அவங்க வூட்டுக்கும் சொல்லியாச்சும்மா." என் குரலில் உன் கேள்விகளைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

பிறகு எழுதிய வரிகளைக் காட்டச் சொன்னார். மேலிருந்து படித்தேன். ஒரே ஒரு வரியை விட்டுவிட்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் விரல் நேராக அங்கே போனது.

"இது மட்டும் இன்னாடி பச்சையா?"

கணினிக்காக இல்லாமல், எழுதுகிறவர் தமக்காகக் குறித்துவைக்கும் வரியை என் எடிட்டர் பச்சையாகக் காட்டும். உன் நோட்பேடில் அதுவும் கறுப்பாகவே இருந்திருக்கும். ஏழாம் பாகத்தைக் கொடுத்து நான் வாங்கிய நிறம் அது.

படித்தேன். "ஏழு வந்ததும் இத சுருக்கணும். அவ கொண்டாருவா."

சிக்னல் இல்லை என்று சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அது இப்ப உனுக்கு தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்ப செய்யி."

முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பெயர்களின் பட்டியலுக்குக் கீழே நான்கைந்து வரிதான். ஓட்டிக் காட்டினேன். அதே கேள்விகள், அதே வரிசை.

"அவ கேக்கற மாதிரியேதான் இருக்குது" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லேப்டாப்பை மட்டும், "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

சுருக்கிய பிறகு அந்தப் பச்சை வரிக்கு வேலை இல்லை. அழிக்க விசையில் விரலை வைத்து, இரண்டுமுறை எடுத்துவிட்டேன். வேலைக்குத் திரும்பியபின் தினமும் காலையில் உன் கோப்பைத் திறந்து ஒருமுறை ஓட்டுகிறேன். கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டி, நேராக மாரியண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறது. நான் அங்கேயே நிற்கிறேன்.