இன்று என்று மட்டும் இருந்த பக்கம்

ஜூலை 5, சனி

விடுமுறை. துணி ஊறிக்கொண்டிருக்கிறது, நான் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து மடிக்கணினிதான். சிறு இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு இருபத்தொரு யோசனைகள் என்று ஒரு நீளமான கட்டுரை கிடைத்தது. எழுத்தைப் பெரிதாக்கு, படத்தின் எடையைக் குறை, பொத்தானைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வை. எல்லாம் என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது.

மூன்று வருடமாக 'கடைமடை' என்று ஒரு தளம் நடத்துகிறேன். வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கும் எங்கள் ஊரில் இன்று யாருக்குத் தண்ணீர் முறை, ஷட்டர் எப்போது திறக்கும், விதைநெல் எங்கே இருக்கிறது. இவ்வளவுதான் அதில். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு ஊரோடு மிச்சமிருக்கும் தொடர்பு இது. அப்பா கேட்டால் கோபித்துக்கொள்வார், அவர் தொடர்பில்லையா என்று.

வெளிர்சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கினேன். அப்பா போன மாதமே சொன்னார், வயலில் நின்று பார்த்தால் வெயிலில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது என்று. நான் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் கட்டுரையில் எழுதினால் கேட்கிறேன். என்ன பிறவி நான்?

பதினான்காம் யோசனை: மேலே இருக்கும் தேதியை எடுத்துவிடுங்கள், தேதியைப் பார்த்ததும் பழசு என்று நினைத்து ஆள் போய்விடுவார். எடுத்துவிட்டேன். 'இன்று' என்று மட்டும் பெரிதாக வைத்தேன். பளிச்சென்று இருக்கிறது. பதினேழாவது: பக்கத்தின் நகலை வாசிப்பவர் ஃபோனிலேயே வைத்துவிடும் ஒரு கருவி. மறுபடி வரும்போது சட்டென்று திறக்குமாம். ஊரில் டவர் ஒரு கோடுதான் காட்டும், அதனால் இதையும் போட்டேன். எத்தனை நாள் வைக்க வேண்டும் என்ற இடத்தில் ஏழு என்று அதுவாகவே இருந்தது. சரி என்று அழுத்தினேன்.

வேக மதிப்பெண் 41-லிருந்து 97. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் வாங்காத மார்க்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். எழுத்து நன்றாகத் தெரிகிறதாம். பக்கத்து வயல் ரெங்கம்மா சித்தியிடமும் காட்டினாராம். "மேல தேதி இருக்குமே பாப்பா, காணோம்?" என்றார். "அதான் இன்றுன்னு இருக்குல்லப்பா" என்றேன். "ஆமாமா, அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 9, புதன்

அலுவலகத்தில் மூன்று முறை அப்பாவின் ஃபோன். விதைத்து மூன்று வாரமான குறுவை நெல், நேற்றுதான் தண்ணீர் கட்டி முடித்தது, அடுத்த முறை எப்போது என்று. சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எரிச்சல் வந்துவிட்டது. வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள், எல்லாம் பக்கத்தில் போடுகிறேன், அதைப் பாருங்கள், அதற்குத்தானே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சரிம்மா என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

இன்று நமக்கு முறை இல்லை. வெள்ளிக்கிழமை திறக்கும். போட்டுவிட்டேன். துணி இன்னும் மடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாலையில் லஸ்கர் மீரா உசேன் அண்ணன் கூப்பிட்டார். ஷட்டரைத் திறந்து மூடுவது அவர்தான், மூன்று வருடமாக எனக்குச் செய்தி தருவதும் அவர்தான். மேல்மடைக்குப் போகும் கிளையில் கரை சரிந்துவிட்டதாம். அதை அடைக்கும்வரை தண்ணீரை நம் பக்கம் திருப்புகிறார்கள். நமக்கிருந்த வெள்ளிக்கிழமை முறைக்குப் பதில் இதுதான்: விடிந்தால் திறப்பு, வெள்ளிக்கிழமை காலை பூட்டு.

ஐந்து நிமிடத்தில் பக்கத்தை மாற்றிவிட்டேன். ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதில் கொஞ்சம் கர்வம் கூட.

ஜூலை 15, செவ்வாய்

அப்பாவிடமிருந்து ஃபோன் இல்லை. தண்ணீர் கட்டுகிற மும்முரம் போலிருக்கிறது. பரவாயில்லை, நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு அப்பா.

"தண்ணி வடியுதே பாப்பா. இன்னைக்குத்தானே தொறக்கணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமையே திறந்தாயிற்று, இன்று பூட்டு, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். மயிலாடுதுறையில். அத்தை பேத்திக்குக் காதுகுத்து. வெள்ளிவரை முறை இல்லையே என்று திங்கட்கிழமை மடையை அடைத்துவிட்டு விடியற்காலை பஸ் ஏறிவிட்டாராம். அம்மாவுக்கு ஃபோன் பார்க்கத் தெரியாது, அவளும் கூடப் போயிருந்தாள். நேற்று ராத்திரிதான் திரும்பினார்களாம்.

"உன் பக்கத்துல வெள்ளின்னுதான் போட்டிருந்துச்சு. தெனம் பாத்தேன்."

தினம் பார்த்திருக்கிறார். தினமும் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். நகல் வைக்கும் கருவியைத் திறந்து பார்த்தேன். ஏழு நாள். நான்தான் சரி என்று அழுத்தினேன்.

ஜூலை 19, சனி

ஊருக்குப் போனேன். வாய்க்கால் அடியில் சேறு மட்டும். ரெங்கம்மா சித்தியின் வயலில் தண்ணீர் நிற்கிறது, பயிர் பச்சென்று இருக்கிறது. பக்கத்து வரப்பைத் தாண்டினால் எங்களுடையது, நகம் நுழையும் அளவு வெடிப்பு. நுனி இப்போதே பழுத்துவிட்டது. கடைமடை மண், ஈரம் குறைந்தால் உப்பு மேலே வந்துவிடும். போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான்.

சித்தியிடம் கேட்டுவிட்டேன், பக்கத்திலேயே இருந்தீர்களே, எங்கள் மடையை ஒரு தட்டுத் தட்டி விட்டிருக்கக் கூடாதா என்று. கேட்டிருக்கக் கூடாது. நான்கு வருடத்துக்கு முன் ஒருவர் மடையை இன்னொருவர் திறந்து, விதைத்த நெல் அடித்துக்கொண்டு போய், அடிதடியாகி, ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தது எனக்கும் தெரியும். வயல்காரர் ஃபோனிலாவது ஒரு வார்த்தை சொன்னால்தான் மடையைத் தொடலாம்.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் சித்தி செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"கண்ணால பாத்துட்டுச் சொல்றேன் மாமா, தண்ணி ஓடுது, தொறந்து விடவான்னு கேட்டேன். இருன்னு சொல்லிட்டு ஃபோன்ல உன் பக்கத்தைப் பாத்தாரு. என் பொண்ணு வெள்ளின்னுதான் போட்டிருக்கா, நீ பாத்தது மேல்மடைக் கசிவா இருக்கும், மடையத் தொடாதேன்னுட்டாரு."

காதுகுத்து மண்டபத்தில் பேச மட்டும்தான் முடியுமாம், நெட் கிடையாதாம். அப்படியும் பக்கம் சட்டென்று திறந்ததாம். என் மகள் செய்து வைத்திருக்கிறாள் பார் என்று அங்கிருந்தவர்களிடம் காட்டினாராம்.

எனக்கு ஏன் கூப்பிடவில்லை என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜூலை 20, ஞாயிறு

கருவியைக் கழற்றி எறிந்தேன். எதற்கு? என் பக்கம் இருப்பதை நான் அழிக்கலாம். மற்றவர் ஃபோனுக்குள் போய் உட்கார்ந்திருப்பதை இங்கிருந்து என்னால் தொடவே முடியாது. தெரிந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டேன், இருபத்தாறு பேர். ஏழெட்டுப் பேருக்குப் பழைய பக்கம்தான் காட்டியிருக்கிறது. ஆனால் யாரும் ஏமாறவில்லை. வாய்க்காலைப் பார்த்தார்கள், தண்ணீர் வந்தது, மடையைத் திறந்தார்கள். என் பக்கத்தை ஒரு விளம்பரத் தாள் மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள் போல.

முழுதாக நம்பியது ஒரே ஒருவர்.

ஜூலை 22, செவ்வாய்

மீரா உசேன் அண்ணனிடம் கெஞ்சினேன். ஒரு ராத்திரி, அரை ஷட்டர். "சாவி என்கிட்டதாம்மா இருக்கு, தண்ணி என்கிட்ட இல்லையே. மேல்மடைக்காரங்க அஞ்சு நாள் காஞ்சு கெடந்தவங்க" என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். யாராவது அநியாயம் செய்திருந்தால் அவர்களைத் திட்டிவிட்டாவது தூங்கலாம்.

அப்பா வாடகை என்ஜின் வைத்து வடிகாலில் கிடந்ததை இறைத்திருக்கிறார். கால் ஏக்கர் நனைந்தது. இருப்பது மூன்று ஏக்கர்.

ஜூலை 24, வியாழன்

இந்த மேஜையில் உட்கார்ந்து வானிலைப் பக்கத்தை எத்தனை தரம் திறப்பது? மழை இல்லை. அவர்களும் பக்கத்தில் தேதி போடுகிறார்கள், மணி கூடப் போடுகிறார்கள். எனக்கு மட்டும் அழகு தேவைப்பட்டது.

ஜூலை 27, ஞாயிறு

நேற்றுத் தண்ணீர் வந்தது. அப்பா கட்டினார். சித்திதான் சொன்னார், பயிர் எழவில்லை, வைக்கோல் மேல் தண்ணீர் விட்ட மாதிரி இருக்கிறது என்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் ஆற்றுக்குப் போகிறார்கள். அப்பா டிராக்டர் விட்டு குறுவையை மடக்கி உழுதுகொண்டிருந்தார். நனைந்த கால் ஏக்கரை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார். நான் வரப்பில் நின்றேன்.

டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, ஃபோன் பழசு, அது மக்கர் பண்ணிவிட்டது என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்தும் அதையே என்னிடம் சொல்கிறார். என்னிடமே! ஃபோன் இல்லப்பா, நான்தான், தேதியை எடுத்தது நான், நகலை உங்கள் கையில் வைத்தது நான் என்று அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை.

"விடும்மா. அடுத்த போகம் சம்பா இருக்குல்ல" என்றார். தட்டை நகர்த்தி, குழம்பு ஊற்றிக்கொள் என்றார். மன்னித்துவிட்டாரா, அந்த இடத்தையே மூடிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அலுவலகம் கிடக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்தைத் திரும்ப அமைத்தேன். மேலே தேதி, கிழமை, மணி. 'இன்று' என்ற சொல்லே கிடையாது. அதற்குக் கீழ் ஒரு வரி: பழைய தேதி தெரிந்தால் நம்பாதீர்கள், வாய்க்காலைப் பாருங்கள். படம் இல்லை, வண்ணம் இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. வேக மதிப்பெண் 58.

அப்பா கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட்டால் நன்றாகப் பேசுகிறார். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராம்.

ஆகஸ்ட் 20, புதன்

பதினொன்று பத்துக்கு ஃபோன். அப்பா. சூப்பிரண்டு எதிரிலேயே எடுத்தேன். அவர் பார்க்கட்டும்.

"பாப்பா, உன் பக்கத்துல ஆகஸ்ட் இருபது, புதன்னு போட்டிருக்கு. நாளைக்குத் தண்ணின்னு இருக்கு. இன்னைக்கு இருபதுதானே?"

"இருபதுதாம்பா. காலைலதான் போட்டேன்."

"சரிம்மா." பின்னால் எங்கோ ஆடு கத்தியது. "எதுக்கும் ரெங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"கேட்டுக்கங்கப்பா" என்றேன்.