சம்பந்தியின் வம்ச மரம்

ஞாயிறு, நவம்பர் 9, இரவு

லவால் நகரில் பேரனின் ஞானஸ்நான விருந்து. இத்தாலியச் சம்பந்தி தன் ஏழு தலைமுறையைத் தேடிப்பிடித்து, மரமாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். என் மகளின் பெயருக்கு மேலே வெற்றிடம். அவளைப் பெற்ற எனக்கும் காலமான என் கணவருக்கும் அதில் இடமில்லை.

“விடுங்கம்மா, அவர் வேணுமெண்டு செய்யல்ல,” என்றாள் மகள்.

“அப்ப அவரிட்டச் சொல்லு. மட்டக்களப்பில பிள்ளை தாய்ட குடி, தாய்வழிதான் வம்சம். என்ட பேரனை அந்த மரத்தில இருந்து இறக்கட்டும்.”

அவள் மறுத்தாள். கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துச் சம்பந்தி சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய பெயருக்கு மேலேயும் வெற்றிடம் என்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள்! இப்போது அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.